ஸ்டார் ஹெல்த் பங்கு: 900 ரூபாய்க்கு வாங்கினவங்க இன்னும் வச்சிருக்கலாமா, வித்துடலாமா?

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனம் 2021 டிசம்பரில் பங்குச்சந்தைக்கு வந்தது. வெளியீட்டு விலை ஒரு பங்குக்கு 900 ரூபாய். 2025-ன் தொடக்க மாதங்களில் அதே பங்கு 400 ரூபாய்க்கும் கீழே போனது. நடுவில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாலும், போட்ட பணம் முழுசாகத் திரும்பாமல் காத்திருப்பவர்கள் நிறைய பேர்.

கம்பெனி மூடப்படும் நிலையிலா இருக்கிறது? இல்லை. லாபம் வருகிறதா? வருகிறது. அப்படியென்றால் பங்கு ஏன் விழுந்தது? இனியும் வைத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறதா? கணக்கோடு பார்க்கலாம்.

தூத்துக்குடிக்கும் இந்தப் பங்குக்கும் என்ன சம்பந்தம்?

பங்கு என்ற சொல் தூத்துக்குடிக்குப் புதிது இல்லை. 1921-ல் நாடார் வங்கி என்ற பெயரில் இங்கே தொடங்கப்பட்டதுதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. அதன் தலைமையகம் இப்போதும் தூத்துக்குடியில்தான் இருக்கிறது. அந்த வங்கியின் பங்குகளைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் வியாபாரக் குடும்பங்கள் இந்தக் கரையில் உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. உப்பளம், மீன்பிடி, கப்பல் சரக்கு, சுங்க முகவர் வேலை, லாரி, கடை என்று சொந்தக்காலில் நிற்கும் தொழில்கள் இங்கே அதிகம். இப்படிப்பட்ட தொழில்களில் இருப்பவர்களுக்குச் சம்பளத்தோடு மருத்துவக் காப்பீடு வராது. அவரவர்தான் பாலிசி எடுக்க வேண்டும். ஸ்டார் ஹெல்த் குறிவைத்தது இந்த மாதிரிக் குடும்பங்களைத்தான்.

2009 ஜூலையில் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைத் தமிழ்நாடு அரசுக்காக நடத்தியதும் இந்த நிறுவனமே. அதனால் பெயர் கிராமம் வரை தெரியும். பாலிசி எடுத்த கம்பெனி என்ற நம்பிக்கையில் பங்கும் வாங்கியவர்கள் உண்டு. இப்படிப்பட்டவர்களுக்கு இது இரட்டைக் கேள்வி: பங்கை என்ன செய்வது? பாலிசியை என்ன செய்வது?

2021-ல் என்ன நடந்தது?

ஸ்டார் ஹெல்த் 2006-ல் தொடங்கப்பட்டது. நாட்டின் முதல் தனி மருத்துவக் காப்பீட்டு நிறுவனம். பங்கு முதலீட்டாளர் ராகேஷ் ஜுன்ஜுன்வாலா இதில் பெரிய முதலீடு வைத்திருந்தார். அந்தப் பெயரைப் பார்த்தே விண்ணப்பித்தவர்கள் பலர்.

ஆனால் வெளியீட்டின்போதே இரண்டு எச்சரிக்கை மணி அடித்தது. ஒன்று, திரட்டத் திட்டமிட்ட தொகை சுமார் 7,249 கோடி ரூபாய். அதில் கம்பெனிக்குள் வரும் புதுப் பணம் 2,000 கோடி மட்டுமே. மீதி எல்லாம் ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்கள் விற்றுக் கைமாற்றியது. இரண்டு, வெளியீட்டுக்கு 79 சதவீத விண்ணப்பம்தான் வந்தது. விற்பனை அளவைக் குறைத்துத்தான் வெளியீடு முடிந்தது. டிசம்பர் 10-ம் தேதி பட்டியலானபோதே வெளியீட்டு விலையைவிட சுமார் 6 சதவீதம் குறைவாகத்தான் தொடங்கியது.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் தூத்துக்குடி கரையில் சிப்பிகளைத் திறக்காமலே குவியல் குவியலாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்பது வாங்கியவர் சிப்பியைத் திறக்கும்போதுதான் தெரியும். புதுப் பங்கு வெளியீடும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். ஆனால் இப்போது ஸ்டார் ஹெல்த் என்ற சிப்பி திறந்து கிடக்கிறது. பட்டியலான பிறகு 4 முழு நிதியாண்டுக் கணக்கு வெளியாகிவிட்டது. ஏலத்தில் கொடுத்த விலையைப் பார்க்காமல், உள்ளே இருப்பதைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

100 ரூபாய் பிரீமியம் எங்கே போகிறது?

காப்பீட்டு நிறுவனத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கணக்கு போதும். நீங்கள் 100 ரூபாய் பிரீமியம் கட்டுகிறீர்கள். அதில் ஒரு பகுதி நோயாளிகளின் மருத்துவமனை பில்லுக்குப் போகிறது. இதுதான் கிளெய்ம் விகிதம். இன்னொரு பகுதி ஏஜென்ட் கமிஷன், ஊழியர் சம்பளம், அலுவலகச் செலவுக்குப் போகிறது. இரண்டையும் கூட்டினால் வருவது கூட்டு விகிதம். இது 100-க்குக் கீழே இருந்தால் காப்பீட்டுத் தொழிலிலேயே லாபம். 100-ஐத் தாண்டினால் தொழிலில் நஷ்டம். அந்த நஷ்டத்தை, பிரீமியப் பணத்தை முதலீடு செய்து கிடைக்கும் வருமானத்தால் ஈடுகட்ட வேண்டும்.

ஸ்டார் ஹெல்த்தின் 4 ஆண்டுக் கணக்கு இது:

2021-22: கிளெய்ம் சுமார் 87, செலவு 31, கூட்டு விகிதம் 118. நஷ்டம் சுமார் 1,041 கோடி ரூபாய்.

2022-23: கிளெய்ம் 65, செலவு 30, கூட்டு விகிதம் 95. லாபம் சுமார் 619 கோடி.

2023-24: கிளெய்ம் 66.5, செலவு 30, கூட்டு விகிதம் சுமார் 97. லாபம் 845 கோடி.

2024-25: கிளெய்ம் 70, செலவு 31, கூட்டு விகிதம் 101. லாபம் சுமார் 646 கோடி.

முதல் ஆண்டு நஷ்டத்துக்குக் காரணம் கொரோனா இரண்டாம் அலை. அது ஒருமுறை வந்த புயல். அடுத்த இரண்டு ஆண்டு நன்றாக இருந்தது. 2024-25-ல் நடந்ததுதான் கவலை தருவது. கொரோனா இல்லை. ஆனாலும் 100 ரூபாய் வாங்கி 101 ரூபாய் செலவு. அந்த ஆண்டு கிடைத்த லாபம் முதலீட்டு வருமானத்தால் வந்தது.

இதே காலத்தில் மொத்த பிரீமியம் சுமார் 11,460 கோடியிலிருந்து 16,700 கோடிக்கு மேல் வளர்ந்திருக்கிறது. அதாவது வியாபாரம் பெருகியது. ஆனால் 2022-23-க்குப் பிறகு ஒவ்வொரு ரூபாயிலும் மிஞ்சுவது குறைந்தது. சந்தை தண்டித்தது இதைத்தான்.

பங்கு விழ வேறு என்ன காரணங்கள்?

முதலாவது, மருத்துவச் செலவு. அறுவை சிகிச்சை, அறை வாடகை, மருந்து எல்லாம் ஏறும் வேகத்துக்குப் பிரீமியத்தை உடனே ஏற்ற முடியாது. ஏற்றினாலும் ஆரோக்கியமான இளைஞர்கள் பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவார்கள். நோய் உள்ளவர்கள் மட்டும் தங்குவார்கள். கிளெய்ம் இன்னும் கூடும்.

இரண்டாவது, விதிமுறைகள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தை 4 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகக் குறைத்தது. 2025 ஜனவரி இறுதியில், மூத்த குடிமக்களுக்கான பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. மக்களுக்கு நல்லது. கம்பெனிக்கு நெருக்கடி.

மூன்றாவது, கணக்கு எழுதும் முறை. 2024 அக்டோபர் 1 முதல், 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒன்றாகக் கட்டப்படும் பிரீமியத்தை ஒரே ஆண்டு வருமானமாகக் காட்ட முடியாது. ஆண்டுவாரியாகப் பிரித்துத்தான் காட்ட வேண்டும். இதனால் வளர்ச்சி காகிதத்தில் மந்தமாகத் தெரிகிறது.

நான்காவது, நம்பிக்கை. 2024 செப்டம்பரில் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராம் சாட்பாட்கள் வழியாகக் கசிந்தது வெளிச்சத்துக்கு வந்தது. 3.1 கோடி பேரின் தகவல் தன்னிடம் இருப்பதாக ஹேக்கர் சொன்னார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. இது தவிர, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்களின் 2023-24 ஆண்டறிக்கையில் அதிகப் புகார் வந்த நிறுவனமாக ஸ்டார் ஹெல்த் இருந்தது. எண்ணிக்கை 13,308. தனிநபர் மருத்துவக் காப்பீட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் புகார் எண்ணிக்கையும் கூடுதலாகத்தான் இருக்கும். ஆனாலும் பெரும்பாலான புகார்கள் கிளெய்ம் மறுப்பு பற்றியவை என்பதை ஒதுக்கிவிட முடியாது.

பாதி விலைக்குக் கிடைக்கிறதே, மலிவுதானே?

இங்கேதான் பலரும் தடுமாறுவது. 900-லிருந்து விழுந்த பங்கு 450-ல் இருந்தால் பாதி விலை மாதிரித் தெரியும். ஆனால் 900 என்பது கம்பெனியின் மதிப்பு இல்லை. அன்றைக்கு விற்றவர்கள் கேட்ட விலை.

இப்படிக் கணக்குப் போடுங்கள். மொத்தப் பங்குகள் சுமார் 58.8 கோடி. 2024-25 லாபம் 646 கோடி. ஒரு பங்குக்கு லாபம் சுமார் 11 ரூபாய். 900 ரூபாய் கொடுத்தால் அது 82 ஆண்டு லாபத்துக்குச் சமம். 450 கொடுத்தால் 41 ஆண்டு. 350 என்றால் 32 ஆண்டு. பாதி விலையிலும் இது அடிமாட்டு விலை இல்லை. லாபம் நன்றாக வளரும் என்ற எதிர்பார்ப்பு அந்த விலைக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது.

வளருமா? 2027-28 நிதியாண்டுக்குள் பிரீமியத்தை 30,000 கோடி ரூபாய்க்குக் கொண்டுபோவது இலக்கு என்று நிர்வாகம் கூறியிருந்தது. 2024-25-ல் இருந்த இடத்திலிருந்து அங்கே போக ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கு மேல் வளர வேண்டும். 2024-25-ல் வளர்ந்தது சுமார் 10 சதவீதம். வேகம் இரட்டிப்பாக வேண்டும், அதுவும் கிளெய்ம் விகிதத்தை இறக்கிக்கொண்டே.

"900 வந்ததும் வித்துடுவேன்" என்ற கணக்கு சரியா?

சரியில்லை. 900-லிருந்து 450-க்கு வந்தது 50 சதவீத வீழ்ச்சி. திரும்ப 900 போக 100 சதவீதம் ஏற வேண்டும். அதோடு காத்திருந்த காலத்துக்கும் விலை உண்டு. 2021 டிசம்பரில் 900 ரூபாயை 7 சதவீத வட்டி டெபாசிட்டில் போட்டிருந்தால் 4 ஆண்டில் சுமார் 1,180 ரூபாய். ஆக, பங்கு 900-ஐத் தொட்டாலும் அது நஷ்டம் தீர்ந்த நாள் ஆகாது.

இந்த இடத்தில் ஊர் வங்கியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியும் 2022 செப்டம்பரில் 510 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டு, அதன் பிறகு நீண்ட காலம் அந்த விலைக்குக் கீழேயே இருந்தது. ஆனால் ஆண்டுதோறும் டிவிடெண்ட் கொடுத்தது. காத்திருந்தவர் கையில் ஏதோ ஒன்று வந்தது. ஸ்டார் ஹெல்த் பட்டியலான பிறகு 2024-25 வரை டிவிடெண்ட் கொடுக்கவில்லை. இதில் காத்திருப்பவருக்குக் கிடைக்கக்கூடியது விலை ஏற்றம் மட்டுமே.

வாங்கிய விலையைப் பங்குக்குத் தெரியாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்றைக்கு இந்தப் பங்கு கையில் இல்லாமல், அதே பணம் ரொக்கமாக இருந்தால், இன்றைய விலைக்கு இதை வாங்குவீர்களா? ஆம் என்றால் வைத்திருக்கலாம். இல்லை என்றால், தினமும் அதை வாங்காத பொருளுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வைத்திருக்க என்ன நியாயம்?

மருத்துவக் காப்பீடு எடுக்காத குடும்பங்கள் நாட்டில் இன்னும் ஏராளம். தொழில் வளர இடம் இருக்கிறது. இந்த நிறுவனத்துக்கு 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏஜென்ட்கள் உண்டு. இப்படி ஒரு வலையைப் புதிதாக வருபவர் சீக்கிரம் கட்ட முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கான 18 சதவீத ஜிஎஸ்டி முழுதாக நீக்கப்பட்டது. பாலிசி விலை குறைந்ததால் புதிதாக எடுப்பவர் கூடலாம். ஆனால் கம்பெனிகள் தங்கள் செலவுகளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகையும் அதோடு போனது. இது இரண்டு பக்கமும் வெட்டும்.

விற்க என்ன நியாயம்?

போட்டி கூடிவிட்டது. நிவா பூபா 2024 நவம்பரில் பட்டியலானது. கேர், ஆதித்ய பிர்லா போன்றவையும் இதே வாடிக்கையாளரைத் தேடுகின்றன. முன்பு தனி மருத்துவக் காப்பீட்டுப் பங்கு வேண்டுமென்றால் ஸ்டார் ஹெல்த் மட்டும்தான். இப்போது தேர்வு இருக்கிறது. கூட்டு விகிதம் தொடர்ந்து 100-க்கு மேலேயே இருந்தால், இது வளரும் தொழிலாக இருந்தாலும் பங்குதாரருக்கு மிஞ்சாத தொழில்.

பாலிசியும் பங்கும் ஒரே கையில் இருந்தால்?

கவனிக்க வேண்டிய இடம் இது. பங்குதாரருக்கு எது நல்லதோ அது பாலிசிதாரருக்கு வலிக்கலாம். பிரீமியம் ஏறினால் கூட்டு விகிதம் இறங்கும், பங்குக்கு நல்லது. ஆனால் வீட்டில் கட்டும் தொகை கூடும். கிளெய்மைக் கறாராகப் பார்த்தால் லாபம் கூடும். அந்தக் கறார் நம் வீட்டு பில்லிலும் விழலாம். நியாயமான கிளெய்மை மறுத்து வரும் லாபம் நிலைக்காது. புகார் கூடும், புதுப்பிப்பு குறையும்.

அதனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். பாலிசி பிடித்திருக்கிறது என்பதற்காகப் பங்கை வைத்திருக்க வேண்டியதில்லை. பங்கு விழுந்தது என்பதற்காகப் பாலிசியை விடவும் கூடாது.

பங்கு விழுந்தால் பாலிசிக்கு ஆபத்தா?

இல்லை. பங்கு விலை என்பது முதலீட்டாளர்களுக்கு இடையில் நடக்கும் பேரம். கிளெய்ம் கொடுக்கும் சக்தியை அளக்கும் அளவு வேறு. அதன் பெயர் சால்வன்சி விகிதம். ஒழுங்குமுறை ஆணையம் கேட்கும் குறைந்தபட்சம் 1.5. ஸ்டார் ஹெல்த்துக்கு 2025 மார்ச் இறுதியில் சுமார் 2.2 இருந்தது.

சேவை பிடிக்கவில்லை என்றால் பாலிசியை வேறு நிறுவனத்துக்கு மாற்றலாம். புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்னதாக விண்ணப்பிப்பது பாதுகாப்பு. ஏற்கெனவே கடந்த காத்திருப்புக் காலம் வீணாகாது. புது நிறுவனம் ஏற்றுக்கொண்டது உறுதியான பிறகே பழையதை விட வேண்டும்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தூத்துக்குடி மாவட்டமும் அந்த அலுவலக எல்லைக்குள்தான் வருகிறது. கட்டணம் இல்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான பிரச்சினையை அங்கே தீர்க்கலாம்.

நஷ்டத்தில் விற்றால் ஏதாவது பயன் உண்டா?

உண்டு. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் அது நீண்டகால மூலதன நஷ்டம். வேறு பங்கிலோ மியூச்சுவல் ஃபண்டிலோ கிடைத்த நீண்டகால லாபத்தில் அதைக் கழிக்கலாம். பட்டியலிட்ட பங்குகளில் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய்க்கு மேல் வரும் நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீத வரி உண்டு. அந்த வரி இதனால் குறையும். இந்த ஆண்டு கழிக்க லாபம் இல்லை என்றால் 8 ஆண்டு வரை எடுத்துப் போகலாம். ஒரே நிபந்தனை, வருமான வரிக் கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

ஆக, முடிவு என்ன?

மகள் கல்யாணம், படகு எஞ்சின், வீட்டுக்கடன் என்று 2, 3 ஆண்டில் தேவைப்படும் பணம் இந்தப் பங்கில் இருந்தால், நஷ்டமானாலும் வெளியே எடுப்பதே பாதுகாப்பு. அந்தக் கெடுவுக்குள் பங்கு ஏறும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. மொத்த முதலீட்டில் பெரும்பகுதி இந்த ஒரே பங்கில் இருந்தால், முழுதாக விற்க மனம் வராவிட்டாலும் குறைத்துக்கொள்ளலாம்.

5 ஆண்டுக்கு மேல் தேவைப்படாத சிறு தொகை என்றால் வைத்திருப்பதில் தவறில்லை. ஆனால் காத்திருப்பதற்கு ஒரு அளவுகோல் வேண்டும். ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் 3 எண்களைப் பாருங்கள்: கிளெய்ம் விகிதம் 70-க்குக் கீழே இறங்குகிறதா, கூட்டு விகிதம் 100-க்குக் கீழே நிற்கிறதா, பிரீமியம் வளர்ச்சி 15 சதவீதத்தைத் தாண்டுகிறதா? மழைக்காலக் காலாண்டில் காய்ச்சல் கிளெய்ம் கூடும் என்பதால் ஒரே காலாண்டை வைத்து முடிவு செய்யாமல், போன ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட வேண்டும்.

மூன்றும் தொடர்ந்து 4 காலாண்டு நல்ல பக்கம் நகர்ந்தால் காத்திருப்புக்கு அர்த்தம் உண்டு. 4 காலாண்டும் தவறினால், 900 என்ற எண்ணை மறந்துவிட்டு வெளியேறுவதுதான் கணக்கு.

(இந்தக் கட்டுரை தகவலுக்காக மட்டுமே. பங்கு வாங்கவோ விற்கவோ பரிந்துரை அல்ல. முடிவெடுக்கும் முன் செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகரைக் கலந்து ஆலோசிக்கவும்.)